மேனேஜரின் முன்னங்கால்

முயலின் கால்விரல் எலும்புகள் சாக்கடையோடு போன அன்று எக்ஸ்ரேக்காரம்மா வீட்டில் உலை வைக்கவில்லை. ஐந்து வாரமாக மொட்டைமாடி மூலையில் ஒரு வாளித் தண்ணீருக்குள் ஊறிக்கொண்டிருந்த முயல் அது. சதை கரைந்து, தண்ணீர் கறுத்து, மாற்றி ஊற்றி, மறுபடி மாற்றி ஊற்றி, இன்னும் நான்கு நாள் பொறுத்தால் எலும்பை எடுத்துவிடலாம் என்கிற நிலைக்கு வந்திருந்தது. அன்றைக்கென்று பார்த்து, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் ஓரகத்தி, கணவருடைய தம்பியின் மனைவி, துணி காயப்போட மேலே வந்தாள். வாளியை மூடியிருந்த பலகையைத் தூக்கிப் பார்த்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் செய்த முதல் வேலை, அத்தனையையும் வடிகால் ஓட்டையில் சாய்த்ததுதான். பெரிய எலும்புகள் வாளியிலேயே தங்கின. அரிசி அளவிலும் மிளகு அளவிலும் இருந்தவை குழாய்க்குள் இறங்கிவிட்டன.

"நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன் அக்கா. ஏதோ கரித்துணி ஊறி அழுகிப்போச்சுன்னு நெனச்சேன்" என்றாள் ஓரகத்தி.

"கரித்துணிக்கு விலா எலும்பு இருக்குமா?"

"அதை யாரு உத்துப் பார்த்தா? நாத்தத்துல எனக்கு உயிரே போச்சு."

எக்ஸ்ரேக்காரம்மா வடிகால் குழாயின் வளைவைக் கழற்றி, கீழே டீ வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து பத்து வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். நான்கு எலும்பும் ஒரு சட்டைப் பித்தானும் கிடைத்தன. முயலின் நான்கு பாதங்களிலும் சேர்த்து எத்தனை எலும்பு உண்டு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் கஷ்டம்.

அவள் கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்திரண்டு வருட வேலை. ஆடு, மாடு, நாய், பூனை, ஒருமுறை கழுத்து சுளுக்கிய வாத்து என்று வந்ததையெல்லாம் பலகைமேல் படுக்கவைத்துப் படம் எடுத்திருக்கிறாள். பிராணிகளைக் கொண்டுவருகிறவர்கள் வைத்த பெயர்தான் எக்ஸ்ரேக்காரம்மா. தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான எலும்புகளைப் பார்த்தவள்தான். ஆனால் பார்த்ததெல்லாம் நிழல். கறுப்புத் தாளில் வெள்ளையாக ஒரு தொடை, ஒரு முதுகு, ஒரு தாடை. ஒரு பிராணியை முழுசாக, தலையிலிருந்து வால்வரை, கையில் எடுத்து ஒவ்வொன்றாகக் கோர்த்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசை நாற்பத்தைந்து வயதில் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

அவள் கணவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும். "ஊர்ல பொம்பளைங்க செடி வளர்ப்பாங்க, கிளி வளர்ப்பாங்க. நீ மட்டும்தான் செத்ததை வளர்க்கிற" என்றார்.

முயலுக்கு முன்பே இரண்டு தோல்விகள். முதலில் ஒரு கோழி. எலும்பிலிருந்து கறி கழன்று வர வேகவைத்தால் போதும் என்று நினைத்து, பழைய பானையில் போட்டுக் கொதிக்கவிட்டாள். கறி கழன்றது. கூடவே எலும்புக்குள் இருந்த கொழுப்பு வெளியே வராமல் உள்ளேயே இறுகி, மூன்றே மாதத்தில் எல்லாம் மஞ்சள் பூத்து எண்ணெய் கசிந்தன. அடுத்தது ஒரு பூனை. மண்ணில் புதைக்கப் போனவளை ஹார்டுவேர் கடைக்காரர் மறித்து, "மேல சுண்ணாம்பு அள்ளிப் போடுங்கம்மா. ஒரு வாரத்துல பளிச்சுனு ஆயிடும்" என்று அடித்துச் சொன்னார். போட்டாள். தோண்டி எடுத்தபோது மண்டையோடு நனைந்த பிஸ்கட் மாதிரி விரலில் உதிர்ந்தது. திரும்பப் போய்ச் சொன்னதற்கு, "நான் சுவத்துக்குச் சொன்னேன்மா" என்றார் கடைக்காரர்.

பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். கொதிக்கவைக்கக் கூடாது. சுண்ணாம்பு கூடாது. வெளுப்புத் தூள் கூடவே கூடாது. மண்ணும் புழுவும் தண்ணீரும் தங்கள் பாட்டுக்குச் செய்யும் வேலையைப் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தாமல் இருப்பதுதான் முழு வித்தை. அவளுக்குப் பொறுமை இருந்தது. சுற்றியிருந்த யாருக்கும் இல்லை.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் செத்துப்போனது.

மேனேஜர் ஒரு நாய். ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் வாட்ச்மேனாக இருக்கும் பெரியவர் வளர்த்த செம்பழுப்பு நாய். வாட்ச்மேன் எழுந்து போனால் அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை மேலும் கீழும் பார்க்கும் என்பதால் ஆசிரியர்கள் வைத்த பெயர். இரண்டு வருடம் முன்பு இடது முன்னங்காலை நொண்டுகிறது என்று அவர் அதை மருத்துவமனைக்குக் கூட்டிவந்தார். டாக்டர் சீட்டு எழுதினார், எக்ஸ்ரேக்காரம்மா படம் எடுத்தாள், படத்தில் ஒன்றும் இல்லை. மருந்து கொடுத்தார்கள். நொண்டல் நிற்கவில்லை. இரண்டாம் தடவை வந்தபோது டாக்டர் சிரித்தார். "இது பழக்கத்துல நொண்டுதுங்க. நொண்டினா நீங்க கொஞ்சுறீங்க இல்ல? அதான் நடிக்குது. சில நாய்ங்க அப்படித்தான்."

அப்புறம் அதற்குச் சிறுநீரகம் கெட்டது. பத்து நாள் மருந்து ஏற்றியும் பிழைக்கவில்லை. ஒரு காலைவேளையில் மருத்துவமனையிலேயே போய்விட்டது. வாட்ச்மேன் வராந்தா பெஞ்சில் கழுத்துப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரேக்காரம்மா அவர் முன்னால் மூன்று தடவை போய், மூன்று தடவையும் சும்மா திரும்பிவந்து, நான்காவது தடவை கேட்டேவிட்டாள்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. மேனேஜரை எங்கிட்ட குடுப்பீங்களா?"

"எதுக்கும்மா?"

"எலும்பை எடுத்துக் கோத்து வைக்கணும். ரொம்ப நாள் ஆசை. மரியாதையா செய்வேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கோத்தா நிக்குமா?"

"நிக்கும்."

"நாலு காலும் ஊணி?"

"ஊணி நிக்கும் ஐயா."

"அவன் அப்படி நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. எடுத்துக்குங்க" என்று பட்டையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரிடம் அனுமதி எழுதி வாங்கினாள். பிணப்பரிசோதனை அறையில் இருப்பவர் தோலையும் குடலையும் நீக்கி, பெரிய சதைகளையும் அறுத்துக் கொடுத்தார். முயல் கற்றுக்கொடுத்த பாடத்தால் இந்தத் தடவை நான்கு பாதங்களையும் நான்கு தனித்தனிக் கொசுவலைப் பைகளில் போட்டுக் கட்டினாள். எக்ஸ்ரே படத்தில் இடது வலது தெரியப் பலகைமேல் வைக்கும் ஈய எழுத்துகளில் தேய்ந்துபோனவை மேஜை இழுப்பறையில் கிடந்தன. அவற்றைப் பைக்கு ஒன்றாகக் கோர்த்தாள். வால் ஒரு பை, உடம்பு ஒரு பெரிய பை. அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட நீல பிளாஸ்டிக் டிரம்மில் மண், சருகு, பை, மறுபடி மண் என்று அடுக்கி மூடினாள். ஒன்பது மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டாள்.

டிரம் மாடிக்கு ஏறுவதற்கு முன்பே கீழ்வீட்டில் பஞ்சாயத்து. கொழுந்தன் நல்ல மனிதர். யார் பக்கமும் சாயாமல் இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஜாதி. "அண்ணி, தண்ணித் தொட்டிக்குப் பின்னால வெச்சுக்குங்க. ஆனா ஒரு தரம் வாடை வந்தாலும் டிரம் வெளிய போயிடணும். சம்மதமா?" என்றார்.

"வாடை வராது. மண்ணு மூடியிருக்கு."

"முயலும் மூடித்தான் இருந்துச்சு" என்றாள் ஓரகத்தி.

முதல் மாதம் மழைபெய்த தோட்டத்தின் வாசம்தான் வந்தது. எக்ஸ்ரேக்காரம்மா ஓரகத்தியை ஒருதடவை கூப்பிட்டு மோந்துபார்க்கவும் வைத்தாள். இரண்டாம் மாதம் மூன்று நாள் விடாமல் மழை. டிரம்மின் துளைகளைச் சருகு அடைத்துக்கொண்டது. மேல்மூடி காற்றில் நகர்ந்து, உள்ளே தண்ணீர் நிரம்பி, மூன்றாம் நாள் மாலை விளிம்பைத் தாண்டி வழிந்தது. வழிந்தது ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் கீழ்வீட்டு வரவேற்பறை ஜன்னல். அன்றைக்கென்று கொழுந்தனுடைய அலுவலக மேனேஜர் முதல்முறையாக வீட்டுக்கு வந்து அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

கொழுந்தன் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே வந்தார். "அண்ணி! கீழ எங்க மேனேஜர் உக்காந்திருக்கார். மேல உங்க மேனேஜர் ஒழுகுறார்!"

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னவரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது. ஓரகத்தி அதைப் படிக்கட்டிலிருந்து பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் மாடிக்குத் துணியே கொண்டுவரவில்லை. அறைக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் யாரோ புகார் எழுதிப்போட, மறுவாரம் சுகாதார ஆய்வாளர் வந்தார். கையில் ஒரு படிவம். டிரம்மைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்தார், எடுத்தார். வாடை இல்லை, மழை நின்று நான்கு நாளாகிவிட்டது.

"இது என்ன வகைம்மா? குப்பையா, உரமா, பிணமா? ஏதாவது ஒண்ணுல டிக் போடணும்."

"எலும்பு சார்."

"எலும்புன்னு கட்டமே இல்லியே."

"பக்கத்துல எழுதுங்க."

"எழுதினா மேல கேள்வி கேப்பாங்க. நீங்க பதினஞ்சு நாள்ல எடுத்துடுங்க. எடுத்தாச்சுன்னு நான் டிக் போட்டுடறேன்."

"எடுத்தா பாதியில நின்னுடும் சார். இன்னும் ஏழு மாசம் ஆகணும்."

"பிணம் ஒண்ணும் பரீட்சை எழுதலியேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

பதினைந்து நாளில் எங்கே கொண்டுபோவது? மருத்துவமனைப் பின்புறம் இடம் கேட்டாள். டாக்டர் முடியாது என்றார். தெரிந்த ஒரு தோட்டக்காரரைக் கேட்டாள். அவருடைய நாய்களே தோண்டிவிடும் என்றார். பதின்மூன்றாம் நாள் கணவர், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, "அச்சகத்துக்குப் பின்னால இடம் இருக்கு. முதலாளிகிட்ட கேட்டுட்டேன்" என்றார். என்ன என்று சொல்லிக் கேட்டார் என்பதை அவள் விசாரிக்கவில்லை. நான்கு பேர் கயிறு கட்டி டிரம்மை மாடியிலிருந்து இறக்கினார்கள். "நம்ம பீரோவை ஏத்தினப்பகூட ரெண்டு பேர்தான் வந்தாங்க" என்றார் கணவர், உள்ளங்கையில் கொப்புளத்தோடு. இறங்கும்போது டிரம் ஒருபக்கம் சாய்ந்து சுவரில் இடித்தது. உள்ளே எதுவோ சரிந்த சத்தம் அவள் காதில் விழுந்தது. அந்தச் சத்தம் ஏழு மாதம் அவளை உறுத்தியது. திறந்து பார்க்கவும் முடியாது. திறந்தால் காற்றுப் பட்டு, ஈ மொய்த்து, எல்லாம் முதலிலிருந்து.

அச்சகத்துப் பின்கட்டில், கழிவுத்தாள் குவியலுக்குப் பக்கத்தில் டிரம் உட்கார்ந்திருந்தது. வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில் போய் மூடியைத் தொட்டுப்பார்த்துவிட்டு வருவாள். பைண்டிங் செய்பவர் ஒருவர் தினமும் மதியம் அந்த டிரம்மின்மேல் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. கடைசியில் டிரம்மைத் திறந்த அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் எக்ஸ்ரேக்காரம்மாவின் கணவரோடு பேசுவதில்லை.

திறந்தது ஒரு விடுமுறை நாளில். தரையில் தார்ப்பாயை விரித்து, மண்ணைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டாள். பெரிய பை முழுசாக வந்தது. விலா எலும்புகள், முதுகெலும்புகள், மண்டையோடு எல்லாம் நல்ல கடுங்காப்பி நிறத்தில், சதை ஒரு துணுக்குகூட இல்லாமல். இடது முன்பாதம், சரி. வலது முன்பாதம், சரி. இடது பின்பாதம், சரி. வலது பின்பாதத்தின் பை கிழிந்திருந்தது. சுவரில் இடித்தபோது கிழிந்ததோ, எலி கடித்ததோ. உள்ளே ஈய எழுத்து மட்டும் இருந்தது.

அடுத்த பன்னிரண்டு நாளும் வேலை முடிந்ததும் அச்சகத்துக்குப் போய், டிரம் மண் முழுவதையும் மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்தாள். முதுகு விட்டுப்போயிற்று. கிடைத்ததையெல்லாம் கணவர் பிழையாக அச்சடித்த தாள்களில் வரிசையாக வைத்தார். ஒரு நாள் நடுவிரல் நீளத்தில், அடியில் பள்ளம் ஓடிய ஒரு எலும்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்த விரல்?"

"அது விரல் இல்லீங்க."

"பின்ன?"

"ஆண் நாய்க்கு மட்டும் இருக்கிறது. எடத்தை நீங்களே யோசிச்சுக்குங்க."

கணவர் அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். அத்தனை மாதத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

பன்னிரண்டாம் நாள் முடிவில் வலது பின்பாதத்தில் இரண்டு எலும்பு குறைந்தது. வாலின் நுனியும் இல்லை. முந்நூற்றுக்கும் மேலே எலும்புகள் கிடைத்திருக்கின்றன, மூன்று கிடைக்கவில்லை. அந்த மூன்றையும் நினைத்து அவள் சாப்பிடாமல் படுத்தாள்.

பிறகு கழுவல். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தைக் கலந்து மூன்று வாரம் ஊறவைத்துக் கொழுப்பை வெளியே கொண்டுவரவேண்டும். தண்ணீரை இரண்டு நாளைக்கொரு தடவை மாற்றவேண்டும். கடைசியில் புண் கழுவும் பெராக்சைடில் ஊறவைத்து நிழலில் உலர்த்தவேண்டும். எலும்புகள் தயிர் நிறத்துக்கு வந்தன. ஒரு மாலை, சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, இடது வலது பிரித்து அடுக்க உட்கார்ந்தாள்.

முன்னங்கால் மணிக்கட்டின் பின்பக்கம், ஒரு குமிழ் மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு சிறிய எலும்பு இருக்கும். மனிதனுக்குக் குதிகால் எப்படியோ அப்படி, நாய் முன்காலை ஊன்றும்போது அதை இழுத்துப் பிடிப்பது அதுதான். வலது பக்கத்து எலும்பு வழவழவென்று இருந்தது. இடது பக்கத்து எலும்பைக் கையில் எடுத்தாள். ஒரு ஓரம் உடைந்து, உடைந்த துண்டு தப்பான இடத்தில் ஒட்டி, சுற்றிலும் சொரசொரவென்று முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருந்தது. பழைய முறிவு. வருடக்கணக்கான முறிவு.

அவள் அதை மேஜையில் வைக்கவில்லை. அன்றைக்கு எக்ஸ்ரே பலகையில் மேனேஜரைப் படுக்கவைத்தது ஞாபகம் வந்தது. வெளியே நல்ல கூட்டம். மெஷின் சூடேறி அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. காலை அசையாமல் பிடிக்க மணிக்கட்டில் கையை வைத்தபோது நாய் வெடுக்கென்று இழுத்தது. மறுபடி பிடித்தாள், மறுபடி இழுத்தது. "சும்மா இரு சனியனே" என்று அதட்டினாள். சீட்டில் எழுதியிருந்தது தோளும் முழங்கையும். தோளையும் முழங்கையையும் எடுத்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மறுநாள் பழைய படங்கள் வைக்கும் அலமாரியில் தேடி அந்தப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முழங்கை தெளிவாக இருந்தது. முன்கை எலும்புகள் தெளிவாக இறங்கின. மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே படம் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிவைத்திருந்தால் போதும்.

படத்தையும் எலும்பையும் டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் எலும்பைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சீட்டுல நான் என்ன எழுதினேன்?"

"தோள், முழங்கை சார்."

"நீங்க என்ன எடுத்தீங்க?"

"தோள், முழங்கை."

"அப்புறம் என்ன? நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல."

"அப்ப யார் மேல சார்?"

"நாய் வாய் தொறந்து சொல்லாதும்மா. எங்க வலிக்குதுன்னு அது சொல்லுச்சா?"

சொன்னது சார், இரண்டு தடவை சொன்னது, நான்தான் அதட்டினேன் என்று நாக்குவரை வந்ததை அவள் விழுங்கிவிட்டாள். டாக்டர் அடுத்த சீட்டை எழுத ஆரம்பித்திருந்தார்.

வாட்ச்மேனிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கணவர் வேண்டாம் என்றார். "போனது போச்சு. அந்த மனுஷன் நிம்மதியா இருக்கார்." ஓரகத்தி, அதற்குள் மறுபடி பேச ஆரம்பித்திருந்தவள், "சொல்லிடுங்க அக்கா. உங்க மூஞ்சியைப் பார்க்கவே முடியல" என்றாள். அவள் போனாள். பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"வலி இருந்திருக்குமா?"

"ஊணும்போதெல்லாம் இருந்திருக்கும் ஐயா."

"ரெண்டு வருஷமும்?"

அவள் தலையை ஆட்டினாள்.

"நடிக்கிறான்னு டாக்டர் சொன்னாரு. நான் நம்பினேன். கேட் தொறக்கிறப்ப ஓடி வரமாட்டான். டேய் நடிகரேன்னு குச்சியால தட்டி எழுப்புவேன்." அவர் குரல் உயர்ந்தது. "இதை ஏம்மா இப்ப எங்கிட்ட வந்து சொல்றீங்க? சொன்னா நான் என்ன செய்வேன்? அவனை எழுப்பி மன்னிப்பு கேக்கவா?"

"தப்பு என் மேலதான் ஐயா. நான் கையை வெச்சப்ப இழுத்துச்சு. நான் கவனிக்கல."

"போங்கம்மா" என்றார். கோபத்தில் சொன்னாரா, களைத்துப்போய்ச் சொன்னாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மணி அடித்தது. அவர் கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

அதற்கு மேல் கோர்க்கவே வேண்டாம் என்று எலும்புகளையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஒன்றரை மாதம் கிடந்தது. எடுத்தது ஓரகத்திதான். வீடு சுத்தம் செய்ய ஒத்தாசைக்கு வந்து பெட்டியை இழுத்தவள், "இத்தனை கூத்து அடிச்சிட்டு இப்படிப் போட்டு வெக்கிறதா? என் ஜன்னல்ல ஒழுகினதுக்காவது இது நிக்கணும்" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் முதுகெலும்புகளைக் கம்பியில் கோர்க்க உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவள்தான். பாசி கோர்த்துப் பழகிய கை. எது எதற்கு அடுத்தது என்பதை விளிம்பைத் தடவியே கண்டுபிடித்தாள். விலா எலும்புகளில் மட்டும் இரண்டு பேரும் மூன்று தடவை தவறிப்போய், மூன்று தடவை பிரித்தார்கள். கணவர் அச்சகத்திலிருந்து மெல்லிய கம்பியும் ஒரு மரப்பலகையும் கொண்டுவந்தார்.

ஐந்து வாரத்தில் மேனேஜர் நின்றது. நான்கு காலும் ஊன்றித்தான். ஆனால் அந்த முள்வளர்ந்த எலும்பு மணிக்கட்டில் சரியாக உட்காராததால் இடது முன்னங்கால் கொஞ்சம் முன்னால் தள்ளி, பாரத்தை வாங்காமல் நிற்பது போலவே இருந்தது. அரத்தால் இரண்டு ராவு ராவினால் நேராகிவிடும் என்றார் கணவர். அவள் ராவவிடவில்லை.

எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. மருத்துவமனை வராந்தாவில் வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். "சீக்கு நாயைத் தூக்கிட்டு வர்றவங்க எதிர்ல எலும்புக்கூடா? நல்லா இருக்கும்மா யோசனை" என்றார். பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் கேள்விப்பட்டு, எங்களுக்குக் கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாட்ச்மேன் சம்மதித்தால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டாள். டீச்சர் கேட்டிருக்கிறார். "வேணாம் டீச்சர். புள்ளைங்க வாலைப் புடிச்சு ஆட்டும். அவனுக்கு அது ஆகாது" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டாராம். பார்க்க வரவும் இல்லை.

ஆகவே அது அவள் படுக்கையறை பீரோவின் மேலே நிற்கிறது. விருந்தாளி வந்தால் ஓரகத்தி ஒரு போர்வையைப் போட்டு மூடுகிறாள். போர்வைக்கு அடியில் நான்கு கால் தெரிவது இன்னும் பயமாக இருக்கிறது என்று கொழுந்தன் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

மருத்துவமனையில் எக்ஸ்ரேக்காரம்மாவின் வேலை மெதுவாகிவிட்டது. படம் எடுக்கும் முன் காலை மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பார்க்கிறாள். எங்கே இழுக்கிறதோ அங்கே ஒரு படம் கூடுதலாக எடுக்கிறாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். டாக்டர் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். போன வாரம்கூட, இடுப்பு என்று எழுதிவந்த ஒரு கறுப்பு நாய்க்குப் பின்பாதத்தையும் எடுத்து அனுப்பினாள். டாக்டர் படத்தோடு அறைக்கே வந்தார்.

"பாதம் எதுக்கும்மா? சீட்டுல இருந்துச்சா?"

"தொட்டப்ப இழுத்துச்சு சார்."

"பாருங்க, இதுல ஏதாவது இருக்கா?"

அவள் பார்த்தாள். வெளிச்சப் பெட்டியில் வைத்து, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு சிறிய எலும்பாக எண்ணினாள். ஒன்றும் இல்லை. சுத்தமாக, பாடப்புத்தகத்தில் போடுவது போல இருந்தது.

"இல்ல சார்."

"பாத்தீங்களா? சும்மா ஒரு படம் வீண்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு எரிச்சலாக வந்தது; டாக்டர்மேலா, அந்த நாய்மேலா, தன்மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை. கையுறையை மாற்றிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஒரு கிழட்டுப் பூனை. முழங்கால் என்று எழுதியிருந்தது. பலகைமேல் படுக்கவைத்து, முழங்காலிலிருந்து கீழே மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தாள். கணுக்காலில் பூனை சீறியது.

"சரி, சரி. எடுத்துடலாம்" என்றாள் எக்ஸ்ரேக்காரம்மா.